எண் போடாத உறை

சித்தூர்
8-7-2024

அன்புள்ள சபீனா மேடத்துக்கு,

வணக்கம். நான் நலம். அதை நம்பாதவர் டாக்டர் ஒருவர்தான். விடுப்பில் வந்த முதல் வாரத்தில் பள்ளிக்கு நான் பேசிய போன் நாற்பத்தொன்று. எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் இப்படி ஏறினால் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிடுவேன் என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, வீட்டுக்கு வந்ததும் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஸ்கூல நெனச்சிக்கினே இருந்தா கொழந்த பெல் அடிச்சிக்கினுதான் பொறக்கும். சோத்த துன்னுட்டுப் படு" என்கிறாள். முப்பத்தொன்பது வயது பிரின்சிபலிடம் பேசுகிற பேச்சா இது, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே இனி கடிதம்தான். நம் டிரில் மாஸ்டர் முனிகிருஷ்ணன் சார் இங்கே எனக்கு அடுத்த தெரு. தினமும் முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு வருகிறவர், கொண்டுவந்து கொடுப்பார். தமிழிலேயே எழுதுவோம். நம் ஆபீசில் தெலுங்கும் இங்கிலீஷும் எல்லாரும் படிப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்களும் நானும்தான். முனிகிருஷ்ணன் சார் வாய் நிறையத் தமிழ் பேசுவார், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. இதைவிடப் பத்திரமான தபால்காரர் நமக்குக் கிடைக்கமாட்டார்.

என் அறையில் இடது பக்க அலமாரியில் இருபத்தாறு உறைகள் இருக்கின்றன. கிளம்புகிற அவசரத்தில் உங்களிடம் சரியாகச் சொல்லவில்லை. விடுப்பு இருபத்தாறு வாரம், வாரத்துக்கு ஒன்று. திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்து எண் போட்டதைத் திறந்தால், அந்த வாரம் செய்யவேண்டியது எல்லாம் எழுதியிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் எண் போடாத உறை ஒன்று இருக்கும். அதைத் திறக்க வேண்டாம். திறக்கவேண்டி வந்தால் நானே சொல்லி அனுப்புகிறேன்.

என் பள்ளியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் புலம்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கன்னிகா


திருப்பதி
15-7-2024

மதிப்புக்குரிய பிரின்சிபல் மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தை முனிகிருஷ்ணன் சார் பிரேயரின்போதே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இன்னா மேடம் இது, ரெண்டு பேரும் லெட்டரு எழுதிக்கினு இருக்கீங்க, லவ் பண்றவங்க மாதிரி" என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டன. உங்கள் பத்திரமான தபால்காரரின் லட்சணம் இது.

மூன்று உறைகளைத் திறந்துவிட்டேன். முதலாவது இரண்டு பக்கம், இரண்டாவது நான்கு பக்கம். இன்றைக்குத் திறந்த மூன்றாவதில் தண்ணீர்த் தொட்டியை எந்தச் சனிக்கிழமை கழுவ வேண்டும், கழுவும்போது யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுவரை இருக்கிறது. இந்தத் தொட்டியைப் பத்தொன்பது வருஷமாக நான் பார்த்துவருகிறேன் மேடம். நீங்கள் இங்கே சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்த அன்று அதைக் கழுவிக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? கோபமில்லை, சும்மா சொல்கிறேன்.

பள்ளி நன்றாக நடக்கிறது. அலிபிரி பக்கம் போகும் பஸ்ஸில் பெல்ட் அறுந்தது, மாற்றியாயிற்று. பத்தாம் வகுப்பு சிலிப் டெஸ்ட் முடிந்தது. கரஸ்பாண்டென்ட் பூவராகவன் சார் தினமும் பத்து மணிக்கு வந்து உங்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் அதில் உட்காரவில்லை, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.

நீங்கள் படுத்திருங்கள். சொன்னபடி கேட்கும் ஆள்தானே நீங்கள். மஞ்சள் காமாலை வந்த வருஷம் ஏழு நாள் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நின்றேனே, முகத்தைச் சுளித்தாலும் டம்ளரைக் காலி செய்யாமல் விட்டதில்லையே. அந்த மாதிரி டாக்டர் சொல்வதையும் கேளுங்கள். துவா செய்கிறேன்.

இப்படிக்கு,
சபீனா


சித்தூர்
29-7-2024

அன்புள்ள சபீனா மேடத்துக்கு,

ஐந்தாவது உறையை இன்று திறந்திருப்பீர்கள். அதில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவைப் பற்றி எழுதியிருந்தேனே, அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை இடம் மாற்றினீர்களா? மாற்றினால் இரண்டு நாள் முனகுவார்கள், விடக்கூடாது.

இங்கே நான் ஒரு மூட்டை மாதிரி கிடக்கிறேன். இடது பக்கமாகப் படு, தண்ணீர் குடி, மாத்திரை போடு, மறுபடி இடது பக்கமாகப் படு. இவர் ஸ்ரீசிட்டி பேக்டரியில் ஷிப்ட் முடித்து ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார். வந்தால் என் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு அம்மாவோடு தனியாகப் பேசுகிறார். இருவரும் பேசி முடித்து என்னிடம் வரும்போது முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வீட்டில் குழந்தைக்கென்று ஒரு துண்டுத் துணி கிடையாது. பிறக்கிறவரை எதுவும் வாங்கக்கூடாது என்று அம்மா உறுதியாக இருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண் ஒரு கிலுகிலுப்பை கொண்டுவந்தாள், "அப்புறமா குடும்மா" என்று அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கும் அதுதான் நல்லது என்று தோன்றியது.

பயமாக இருக்கிறது மேடம். இதை வேறு யாரிடமும் எழுத முடியாது. பள்ளி விஷயம் எழுதுங்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள்.

கன்னிகா


திருப்பதி
12-8-2024

என் அன்பு கன்னிகா மேடத்துக்கு,

முனிகிருஷ்ணன் சார் புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டிலிருந்தே ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை, பிள்ளைகளைத்தான் ஓடவிடுவார். "மேடமுக்குப் பொண்ணு மேடம். நேத்து சாயங்காலம். சின்னதா இருக்குதாம், கண்ணாடிப் பொட்டியில வெச்சிக்கிறாங்க. ஆனா கத்துதாம், மேடத்தோட அம்மா கமலம்மா சொன்னாங்க, தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்துதாம்" என்றார். கத்துகிறது என்று கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரேயரில் நான் அறிவித்தேன். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் கைதட்டியது அலிபிரிவரை கேட்டிருக்கும்.

இத்துடன் ஒரு பை வருகிறது. என் பழைய வாயில் புடவைகள் நான்கு, வெந்நீரில் கொதிக்க வைத்து மூன்று வெயில் காயவைத்து, சதுரமாகக் கிழித்திருக்கிறேன். கடைத் துணி அந்த உடம்புக்கு ஆகாது. இரண்டு கிலோ நூறு கிராம் என்றார்களே, என் மூத்தவனும் அப்படித்தான் இருந்தான். இப்போது நிலைப்படியில் தலை இடிக்கிறது.

உறைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாம் நடக்கிறது. நீங்கள் அதையெல்லாம் மறந்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்.

உங்கள்
சபீனா


சித்தூர்
9-9-2024

அன்புள்ள சபீனா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா? உங்கள் புடவைத் துணியில் என் மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது மேடம் என்று எழுத வரவில்லை.

பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது இரண்டே முக்கால் கிலோ. அக்ஷயா என்று பெயர் வைத்திருக்கிறோம். அம்மா பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டாள். நான்தான் அதைத் தொடவில்லை. எழுதுவது பழகிவிட்டது, அதோடு போனில் பேசினால் நீங்கள் சொல்வதற்கு முன் நான் குறுக்கே பேசிவிடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் தெலுங்கு டீச்சர் ரோஜாவுக்குக் குழந்தை பிறந்தபோது, பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது, மூன்று மாதத்தில் வந்துவிட முடியுமா என்று கேட்டது நான். கட்டாயமில்லை என்றுதான் சொன்னேன். பிரின்சிபல் கேட்டால் அது எப்படிக் கட்டாயமில்லாமல் இருக்கும்? வந்தாள். மூன்றாவது பீரியடுக்கு மேல் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வகுப்பில் நிற்பாள். புடவை நனைந்திருப்பதை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். டாய்லெட்டில் போய்ப் பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு வருவாள். அதுவும் தெரியும். நல்ல பொறுப்புள்ள பெண் என்று அவளுடைய ரிப்போர்ட்டில் எழுதினேன். இந்த ஒரு மாதத்தில் எனக்கு அது நினைவுக்கு வராத நாள் இல்லை. அவளிடம் நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம், நான் வந்து நேரில் சொல்கிறேன்.

பதினோராவது உறை திறந்திருப்பீர்கள். அதில் உங்களுக்கு ஒரு வரி தனியாக எழுதியிருந்தேன். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

கன்னிகா


சித்தூர்
7-10-2024

சபீனா மேடத்துக்கு,

நேற்று முனிகிருஷ்ணன் சார் பாப்பாவைப் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக அம்மாவிடம், "கரஸ்பாண்டென்ட் சாரு புதுசா போர்டு எழுதி வாங்கிக்கினு வந்துட்டாரு கமலம்மா. சபீனா மேடம் பேரு, பிரின்சிபல்னு. நம்ம மேடத்துக்கு ஏதோ அட்வைசர் வேலையாம், ஊட்லருந்தே பாக்கலாமாம், நல்லதுதானே" என்றார். அவருக்கு அது கெட்ட செய்தி என்றே தெரியவில்லை.

நீங்கள் போன மாதம் எழுதிய இரண்டு கடிதங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். பஸ், மழை, காலாண்டுத் தேர்வு எல்லாம் இருக்கிறது. இது இல்லை.

உண்மையா என்று மட்டும் எழுதுங்கள்.

கன்னிகா


திருப்பதி
14-10-2024

கன்னிகா மேடத்துக்கு,

உண்மை.

செப்டம்பர் மூன்றாம் தேதி பூவராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். "கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பள்ளியை அந்தம்மா எப்படிப் பார்ப்பார்? அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். நீங்களே பிரின்சிபலாக இருந்துவிடுங்கள் என்றார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டு போர்டு எழுதக் கொடுத்துவிட்டார்.

ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை? ஆசை இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்களை பிரின்சிபல் ஆக்கினார்கள். அன்றைக்கு எனக்கு நாற்பத்தொரு வயது, பதிமூன்று வருஷ சர்வீஸ். மாலை வாங்கிக்கொண்டு வந்ததும் நான்தான், உங்கள் கழுத்தில் போட்டதும் நான்தான். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த போர்டு ஆபீசில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறது. எல்லாரும் போன பிறகு அதைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து நன்றாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வாரத்திலிருந்து உங்கள் உறைகளை நான் திறக்கவில்லை. எல்லாம் நடக்கிறது என்று எழுதினேனே, நடந்தது, ஆனால் நீங்கள் எழுதியபடி அல்ல. திங்கட்கிழமைதோறும் அந்த எண்ணைப் பார்க்கும்போது, பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளை நம்பாமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று சுருக்கென்று தைத்தது.

உங்கள் கடிதம் வந்த பிறகு, சனிக்கிழமை, எல்லா உறைகளையும் எடுத்து ஒரே மூச்சில் திறந்தேன். இந்த ஆள் என்னை எவ்வளவுதான் நம்பவில்லை, பார்த்துவிடலாம் என்ற கோபத்தில். பதினோராவதில் நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தேன். "இதையெல்லாம் எழுதுவது உங்களுக்குத் தெரியாது என்பதற்காக அல்ல, எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பதற்காக" என்று. கோபத்தில் கை நிற்கவில்லை, எண் போடாததையும் பிரித்துவிட்டேன். திறக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதை இத்துடன் வைத்து அனுப்புகிறேன், அது உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

சபீனா


(இத்துடன்)

திருப்பதி
28-6-2024

அன்புள்ள சபீனா மேடத்துக்கு,

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நான் சீக்கிரமே திரும்பி வருகிறேன், வெறும் கையோடு வருகிறேன் என்று அர்த்தம்.

இது மூன்றாவது முறை. யாருக்கும் தெரியாது, வீட்டில் இரண்டு பேரைத் தவிர. 2019 ஜூனில் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. மஞ்சள் காமாலை என்று விடுப்பு எழுதினேன். 2022 ஜனவரியில் ஐந்தாம் மாதம். டைபாய்டு என்று எழுதினேன். இப்படி நடந்தால் ஆறு வாரம் விடுப்பு உண்டு என்று எனக்குத் தெரியும், நானே ஒரு டீச்சருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் விண்ணப்பத்தில் அந்தக் காரணத்தை எழுதி அதை பூவராகவன் சார் படிப்பதை நினைத்தால் கை ஓடவில்லை. பெரிய பொறுப்பில் இருக்கிறவளுக்கு உடம்பு இப்படியெல்லாம் செய்யலாமா என்று இருந்தது. பன்னிரண்டு நாளில் வந்துவிட்டேன்.

முதல் முறை வந்தபோது நீங்கள் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தீர்கள். ஏழு நாள், காலை எட்டேகாலுக்கு, மோரில் கலந்து, ஸ்டாப் ரூமில் எல்லாருக்கும் முன்னால். எனக்குக் காமாலை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? குடித்தேன். அந்தக் குழந்தைக்காக எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லை மேடம், ஒரு குழந்தை இருந்தது என்றே தெரியாதே. நீங்கள் மட்டும்தான் தெரியாமலே ஏழு நாள் எனக்கு மருந்து அரைத்தீர்கள். அதனால்தான் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

இரண்டாம் முறை வந்த அன்று எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நீங்கள் மட்டும், தேர்வுத்தாள் அலமாரிச் சாவியை நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று ஆபீஸ் நடுவில் நின்று கத்தினீர்கள். அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சு வந்தது. நான் இன்னும் பழைய ஆள்தான், திட்டலாம், உடைந்துவிடமாட்டேன் என்று ஒருவர் நினைக்கிறாரே என்று இருந்தது.

ஆகவே இந்த முறையும் அப்படியே செய்யுங்கள். யாரும் வரிசையாக வந்து நின்று என் கையைப் பிடிக்கவேண்டாம். பிரேயர் பெல் வழக்கம்போல அடிக்கட்டும். நான் வந்த முதல் நாள் என்னைத் திட்டுங்கள். எதற்காகவாவது.

கன்னிகா


திருப்பதி
11-11-2024

கன்னிகாவுக்கு,

நான்கு வாரம் ஆயிற்று. உன்னிடமிருந்து பதில் இல்லை. முனிகிருஷ்ணன் சாரைத் தினமும் கேட்கிறேன். "கொடுத்தேன் மேடம், வாங்கிக்கினாங்க, பிரிச்சாங்க, உள்ள போய்ட்டாங்க. எனக்குக் காபி குடுக்கணும்னுகூட தோணல அவங்களுக்கு" என்று அன்றைக்குச் சொன்னதையே சொல்கிறார். கேட்டுக் கேட்டு இப்போது என்னைப் பார்த்தாலே கிரவுண்டுக்குப் போய்விடுகிறார்.

நீ என்று எழுதுகிறேன். அந்த உறையைப் படித்த பிறகு நீங்கள் என்று எழுத என்னால் ஆகவில்லை. பிடிக்கவில்லை என்றால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

பூவராகவன் சாரிடம் போனேன். போர்டு வேண்டாம் சார், டிசம்பர் இருபத்தொன்பது வரைக்கும் நான் இன்சார்ஜ், முப்பதாம் தேதி அந்தம்மா வந்து உட்காருவாங்க என்றேன். விடுப்பில் இருக்கும்போது வேலையை மாற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதையும் இங்கிலீஷில் எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வைத்தேன். குழந்தையோடு எப்படி என்று மறுபடி ஆரம்பித்தார். "சார், உங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் பிறந்தபோது நீங்கள்தான் கரஸ்பாண்டென்ட். யாராவது உங்களை வீட்டிலிருந்தே பாருங்கள் என்று சொன்னார்களா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சரிம்மா, உங்கள் இஷ்டம் என்றார்.

நான் தியாகம் செய்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்குப் பிரின்சிபலாக வேண்டும். உன் நாற்காலியில் வேண்டாம். ஜூனில் நாயுடுபேட்டையில் கிளை திறக்கிறார்களே, அதற்கு என்னைப் போடுங்கள் என்று அப்போதே கேட்டுவிட்டேன். யோசிக்கிறேன் என்றார். என் பாஷையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

சபீனா


சித்தூர்
9-12-2024

அக்காவுக்கு,

கோபம்தான். திறக்காதே என்றதைத் திறந்ததற்குக் கோபம். உடை மாற்றும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது, உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருந்தது. இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒரு நாள் அக்ஷயாவைக் குளிப்பாட்டும்போது, இனி இவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர் என்று தோன்றியது. இரண்டு மூன்றானதும் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது. அம்மா பயந்துபோகும் அளவுக்கு அழுதேன். "இன்னாத்துக்குடி அழுவற, கொழந்த நல்லாதான இருக்குது" என்று அவளும் அழுதாள்.

உறைகளைத் திறக்காமலே பள்ளி நடந்திருக்கிறது. போர்டைவிட அதுதான் எனக்கு அதிக வருத்தம். ஒன்பதாம் வகுப்பு பி கடைசி பெஞ்சையாவது மாற்றினீர்களா?

நாயுடுபேட்டை விஷயம் படித்தேன். மாலை போட்ட அன்று நீங்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியும் அக்கா. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். ரோஜாவிடம் இருந்த மாதிரிதான்.

அம்மா வேலையை விடச் சொல்கிறாள். இவர், உன் இஷ்டம் என்கிறார். எனக்குத் திரும்பி வர வேண்டும். குழந்தையும் வேண்டும், அந்த நாற்காலியும் வேண்டும். இப்படி எழுத எனக்கு வெட்கமாக இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. திருப்பதி வீட்டுக்கு அம்மாவும் என்னோடு வருகிறாள், பகலில் இரண்டு முறை குழந்தையைப் பள்ளிக்குத் தூக்கி வருவாள். எங்கே வைத்துப் பால் கொடுப்பேன், யார் என்ன சொல்வார்கள், எதுவும் தெரியாது. பத்தாம் வகுப்பில் எத்தனை பிரிவு என்று நேற்று ஒரு நிமிஷம் மறந்துபோய்விட்டது.

முப்பதாம் தேதி வருகிறேன்.

கன்னிகா


(உறையின் மேல்: முதல் வாரம். சித்தூரிலேயே திறக்கவும்)

திருப்பதி
28-12-2024

என் கன்னிகாவுக்கு,

நீ எனக்கு இருபத்தாறு எழுதி வைத்தாய். நான் உனக்கு ஒன்றுதான் எழுதுகிறேன். உன்னை நம்புகிறேன் என்பதால்.

பத்தாம் வகுப்பில் நான்கு பிரிவு. ஒன்பதாம் வகுப்பு பி கடைசி பெஞ்சை மாற்றவில்லை. அந்த நான்கு பேரும் கணக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் போய் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. நீயும் போய் நின்று பார், அதற்குப் பிறகு மாற்று.

உன் அறைக்குப் பக்கத்தில் பழைய லேப் சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்துவிட்டேன். கழுவி, வெள்ளையடித்து, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு சின்ன பிரிட்ஜ் வைத்திருக்கிறது. ஜன்னலுக்குத் திரை. முக்கியமாகத் தாழ்ப்பாள் உள்பக்கம். முனிகிருஷ்ணன் சார் வெளியே போட இருந்தார், அது ஸ்டோர் ரூம் இல்லை சார் என்று சொல்லி மாற்றவைத்தேன். திறந்து வைக்க ரோஜாவைத்தான் கூப்பிட்டேன். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அவளிடம் நீ சொல்லவேண்டியதை அங்கேயே சொல்.

உன் மேசை மேல் ஒரே ஒரு காகிதம் இருக்கும். நாயுடுபேட்டைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்கிற காகிதம். பூவராகவன் சார் ஒத்துக்கொண்டார், பிரின்சிபல் கையெழுத்து வேண்டும் என்றார். இன்சார்ஜாக இருந்து நானே எனக்குப் போட்டுக்கொள்ள முடியாது. நீ உட்கார்ந்ததும் போடுகிற முதல் கையெழுத்து என்னை இங்கிருந்து அனுப்புகிற கையெழுத்தாக இருக்கும். தள்ளிப்போடாமல் போட்டுவிடு. நீ தயங்கினால் எனக்கும் தயக்கம் வந்துவிடும். அந்த போர்டை எறிய விடவில்லை, எழுத்து நன்றாக இருக்கிறதே, நாயுடுபேட்டைக்கு ஆகும்.

இனி, முதல் நாள் என்னைத் திட்டுங்கள் என்று கேட்டிருந்தாய். வெறும் கையோடு வந்தால்தான் என்று எழுதியிருந்தாய். கை நிறைய வந்தாலும் திட்டுவேன். ஆபீஸ் நடுவில் நின்று இதைச் சொல்ல முடியாது, அதனால் எழுத்தில்.

காமாலை என்று பொய் சொன்னாயே, உனக்கு அறிவிருக்கிறதா? ஏழு நாள் விடியற்காலையில் கபிலதீர்த்தம் பக்கம் போய்க் கீழாநெல்லி பிடுங்கிவந்தேன், ஒரு நாள் கல்லில் வழுக்கி முட்டி பெயர்ந்தது. உனக்கு அப்போது கொடுக்கவேண்டியது கசாயமா? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு ஆள்தானே வேண்டும். நான் எட்டடி தூரத்தில் கணக்கு நோட்டு திருத்திக்கொண்டு இருந்தேன் கன்னிகா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டாம் முறையும் சொல்லவில்லை. சாவிக்காக உன்னைப் பார்த்துக் கத்தினேன். அதை நீ மூச்சு வந்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்ததிலிருந்து மூச்சு சரியாக இல்லை. இனிமேல் இப்படி எதையும் தனியாக விழுங்கினால் நாயுடுபேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து திட்டுவேன்.

அவ்வளவுதான், திட்டி முடித்துவிட்டேன். அக்ஷயாவுக்கு என் முத்தம். அவளுக்கு முன்னால் வந்து போன இருவருக்கும் என் துவாவில் இடம் இருக்கிறது, தினமும்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு ஸ்டாப் ரூமுக்கு வா. உன் டம்ளரைத் தேய்த்து வைத்திருக்கிறேன். மோர்தான் இருக்கும், இஞ்சியும் உப்பும் போட்டு. வேறொன்றும் கலக்கமாட்டேன்.

உன்
சபீனா அக்கா